அப்பாவின் கறுப்புப் பெட்டி: கான்பரா விமானியின் பொருட்களை எப்படிக் காப்பாற்றுவது?

முடிச்சூர் மகள்

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா இந்திய விமானப்படையில் கான்பரா குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். 1965 போரிலும் 1971 போரிலும் பறந்தார். ஓய்வு பெற்றபின் தாம்பரம் பக்கம் முடிச்சூரில் வீடு கட்டிக்கொண்டு, ரோஜாச் செடிகளோடும் குறுக்கெழுத்துப் புதிரோடும் எண்பத்தேழு வயதுவரை இருந்தார். போன மாதம்தான் முதலாண்டுத் திதி முடிந்தது. அதுவரை அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறக்க அம்மா விடவில்லை. இப்போது சாவியைக் கொடுத்துவிட்டார். "எனக்குப் பிறகு எடைக்குப் போடாமல் இருந்தால் சரி" என்றார். அவ்வளவுதான் உயில்.

கறுப்புத் தகரப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டில் பெயரும் சேவை எண்ணும். திறந்ததும் அந்துருண்டை நெடி முகத்தில் அடித்தது. ஆடி பிறந்தால் அம்மா கைநிறைய அந்துருண்டையும் இரண்டு துண்டு வசம்பும் போடுவார். ஐம்பது வருடப் பழக்கம். உள்ளே இருப்பவை: இரண்டு லாக் புத்தகங்கள் (பறந்த ஒவ்வொரு பயணத்தையும் எழுதிவைக்கும் பதிவேடு). ஒரே பட்டையில் கோத்த பதக்கங்கள் (சமர் சேவா நட்சத்திரம், ரக்ஷா பதக்கம், பஸ்சிமி நட்சத்திரம், சங்கிராம் பதக்கம்). நீலச்சாம்பல் நிறக் கம்பளிச் சீருடைக் கோட்டு, தோளில் பூச்சி அரித்த ஓட்டைகள். வெள்ளைத் தோல் கையுறை, விறைத்துப் போயிருக்கிறது. கையில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் ஆக்சிஜன் முகமூடி. அம்மாவுக்கு அப்பா எழுதிய இன்லண்டு கடிதங்கள் ஒரு கட்டு, 1971ஆம் ஆண்டுக் கடிதங்களில் முகவரி வெறுமனே ராணுவ அஞ்சலக எண்ணான "56 ஏ.பி.ஓ." மடிப்பு மடிப்பாக ஒரு வரைபடம், அதில் பென்சில் கோடுகள். பிலிம் டப்பாவில் மூன்று சுருள் நெகட்டிவ், திறந்தால் ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல் புளித்த வாடை. பேனா நிறுத்திவைக்க அப்பா பயன்படுத்திய ஒரு பித்தளைக் குடுவை. சிறுவயதில் அதைக் "குண்டு" என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டதுண்டு. கழித்துக்கட்டிய விமானம் ஒன்றின் கடிகாரம், மரப்பலகையில் பதித்தது. பிரிவுபசாரத்தில் நண்பர்கள் கொடுத்தது. இருட்டில் ஒளிரும் என்பார் அப்பா. இப்போது ஒளிர்வதில்லை.

இனிதான் என் துயரம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். பெட்டி அப்போது கட்டிலுக்கு அடியில் இருந்தது. தண்ணீர் வடிந்தபின் லாக் புத்தகங்களை மாடித் தாழ்வாரத்தில் விரித்துவைத்து, அரைமணிக்கு ஒரு பக்கமாக அப்பாவே திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நாள். யாரையும் தொட விடவில்லை. முதல் புத்தகம் தப்பித்தது. இரண்டாவதில் ஓரங்களில் கறுப்புப் புள்ளிகள். 1971 டிசம்பர் பக்கத்தின் மேற்பாதி சிவப்புப் பால்பாயின்டில் இருப்பதால் நன்றாகத் தெரிகிறது. கீழே நான்கு வரிகளை மைப்பேனாவில் எழுதியிருக்கிறார். அவை நீலத் தேமலாகிவிட்டன.

அந்த நான்கு வரிகளுக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். அப்போது நாங்கள் ஆக்ராவில் இருந்தோம், எனக்கு மூன்று வயது. அந்த டிசம்பரில் ஒருநாள் விடியற்காலை அப்பா வீட்டுக்கு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் என் கட்டில் அருகே உட்கார்ந்தாராம். இரண்டு நாள் பேசவே இல்லையாம். அம்மா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "அந்தப் புத்தகத்தில் இருக்கும்" என்று அம்மா இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதியது, அதுவும் சுருக்கெழுத்துப்போல இருப்பதால் எடுத்துப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தால் தேமல்.

தம்பி வெளிநாட்டிலிருந்து "எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடு" என்கிறான். சித்தப்பா மகன் லாமினேஷன் செய்யச் சொல்கிறான். பதக்கங்களைப் பிரேம் போட ஒரு கடையில் விசாரித்தேன். பின்பக்கம் பசை தடவி ஒட்டித் தருவதாகச் சொன்னார்கள், ஓடி வந்துவிட்டேன். நான் எதில் தொடங்குவது?

ஏட்டு வைத்தியர்

பிரேம் கடையிலிருந்து ஓடி வந்தீர்களே, பாதிப் பொருட்கள் அப்போதே பிழைத்துவிட்டன. முப்பது ஆண்டு நூலகங்களில் தாள் செப்பனிடும் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

லாமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் உருகித் தாளின் நார்களோடு இறுகிவிடும், பிறகு பிரிக்க வழியே இல்லை. தாளுக்குள் இருக்கும் அமிலமும் வெளியேற முடியாமல் உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும். கோந்து நாடாவும் அப்படித்தான், பத்தே வருடத்தில் மஞ்சள் தழும்பாகிவிடும்.

முதலில் பெட்டியைக் காலி செய்யுங்கள். வெவ்வேறு குணமுள்ள பொருட்களை ஒரே பெட்டிக்குள் குடித்தனம் வைத்ததுதான் பெரிய தவறு. ரப்பர் முகமூடி சிதையும்போது கந்தக வாயுவை விடும். அது பக்கத்திலிருக்கும் வெள்ளியைக் கறுப்பாக்கும். நெகட்டிவின் புளித்த வாடை அசிட்டிக் அமிலம். சமையலறையில் வினிகர் என்கிறோமே, அதேதான். அசிடேட் பிலிம் தானாகவே சிதைகிறது. தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். அந்த ஆவி பக்கத்திலுள்ள மற்றச் சுருள்களையும் கெடுக்கும். ஆகவே நீங்கள் தொடங்க வேண்டியது லாக் புத்தகத்தில் அல்ல, நெகட்டிவ்களில். இந்த வாரமே ஸ்கேன் செய்யுங்கள், 2400 டிபிஐக்கு (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) குறையாமல். பிலிம் சுருங்கி நெளிந்தபின் ஸ்கேனரில் சமமாகப் படியாது. லாக் புத்தகம் எட்டு வருடத்துக்கு மேல் பொறுத்துவிட்டது, இன்னும் இரண்டு மாதம் பொறுக்கும்.

அம்மாவின் அந்துருண்டைக்கு மரியாதையோடு விடை கொடுங்கள். அந்த ஆவி பொருட்களின்மேல் படிந்து மறுபடி பொடியாக உறையும், சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், மூச்சுக்கும் நல்லதல்ல. கற்பூரத்தோடு சேர்த்துப் போட்டால் இரண்டும் கசிந்து கறையாகும். வசம்பை ஒரு துணியில் முடிந்து பெட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும். ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து வரும் வழக்கம், அதற்கு என்னிடம் எதிர்ப்பில்லை. தாளின் மேல் நேராகப் படக்கூடாது, அவ்வளவுதான்.

கறுப்புப் புள்ளிகள் பூஞ்சணம். அது இப்போது காய்ந்து தூங்குகிறது. ஈரம் பட்டால் எழுந்துவிடும். காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான ஓவியத் தூரிகையால் உங்களுக்கு எதிர்த்திசையில் தட்டிவிடுங்கள். ஈரத்துணி கூடாது. வெயிலில் வைப்பதும் கூடாது. உங்கள் அப்பா மாடித் தாழ்வாரத்து நிழலில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பியதற்கு என் வணக்கம். பயிற்சி பெற்றவர்களே அவசரத்தில் வெயிலில் போட்டு மீதி மையையும் வெளுக்க விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று தையல் பக்கம் பாருங்கள். கோட்டில் அந்துப்பூச்சியின் புழுக்கள் இருந்தால், காற்றை வெளியேற்றிய பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 பாகைக் குளிர்பெட்டியில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள், இல்லையென்றால் பனி வியர்த்துக் கோட்டு நனையும். கையுறைக்குத் தேங்காய் எண்ணெய் தடவ யாராவது சொல்வார்கள். தடவாதீர்கள்.

தேமலான நான்கு வரிகள் பற்றி. கழுவிப்போன மையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் பேனா முனை தாளில் பதித்த பள்ளம் இருக்கலாம். இருட்டறையில் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் தாளோடு தாளாகப் படுக்கவைத்து வெளிச்சம் பாய்ச்சிப் படம் எடுங்கள். அடுத்ததாகப் புற ஊதா டார்ச். தாள் நீலமாக ஒளிரும், மை இருந்த இடம் சில நேரம் இருண்டு தெரியும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

பொறுமைசாலி

பதக்கங்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. பித்தளை என்றால் புளி, வெள்ளி என்றால் விபூதி. என் பாட்டி வீட்டுக் குத்துவிளக்குகள் இன்றும் கண்ணாடிபோல் மின்னுகின்றன.

ஏட்டு வைத்தியர்

பொறுமைசாலி அவர்களே, குத்துவிளக்கு தேய்ந்தால் பரவாயில்லை, அதில் யாருடைய பெயரும் இல்லை. பதக்கத்தின் விளிம்பில் சேவை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். தேய்த்தால் முதலில் போவது அதுதான்.  பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு உலர்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். மங்கியிருப்பது அழுக்கு அல்ல, வயது. நாடா கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள். புதிய நாடா கோத்தால் பழையதை அமிலமில்லாத தாளில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

ஆக்ரா பிட்டர்

தங்கச்சி, நான் காட்பாடிக்காரன். விமானப்படையில் என்ஜின் பிட்டர், அதாவது என்ஜின்களைப் பராமரிப்பவன். 1969இல் சேர்ந்தேன், 1971 டிசம்பரில் ஆக்ராவில் இருந்தேன். உங்கள் அப்பா எந்த ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) என்று இங்கே எழுத வேண்டாம். ஆனால் அந்த நாட்களில் அவருக்கு நான் விமானம் தயார்செய்து கொடுத்திருக்கக் கூடும் என்று நினைக்கும்போதே ஒரு மாதிரி இருக்கிறது.

முதலில் அந்தக் கடிகாரம். படுக்கையறையில் இருந்தால் உடனே வெளியே எடுங்கள். அந்தக் காலத்துக் கருவிகளின் எண்களுக்கு ரேடியம் கலந்த பூச்சு பூசியிருப்பார்கள். இப்போது ஒளிரவில்லை என்றால் ரேடியம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கூடக் கலந்த துத்தநாகச் சேர்மம்தான் பழுதாகிவிட்டது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 வருடம். கண்ணாடி உடையாமல் இருக்கும்வரை பயப்பட வேண்டியதில்லை. ஆனால் திறக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, கடிகாரக்காரரிடம் பழுதுபார்க்கக் கொடுக்கக் கூடாது, பேரப்பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. காற்று போய்வரும் அலமாரியில் தனியாக வையுங்கள், தொட்டால் கை கழுவுங்கள். பூச்சு உதிர்ந்து தூளாகத் தெரிந்தால் தொடாமல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தைக் கேளுங்கள்.

அடுத்தது உங்கள் "குண்டு". அது குண்டு அல்ல, என்ஜின் கிளப்பும் தோட்டாவின் கூடாக இருக்க வேண்டும். கான்பராவின் ஏவான் என்ஜினை வெடிமருந்துத் தோட்டா அடித்துத்தான் கிளப்புவோம். ஒரு சீறல், உடனே குப்பென்று கரும்புகை. அந்த மருந்து வாடை சட்டையில் ஏறினால் இரண்டு துவைப்புக்கும் போகாது. வெறுங்கூட்டைச் சாம்பல்கிண்ணமாக, பேனாக் குடுவையாக வைத்துக்கொள்ளாதவர் அந்தக் காலத்தில் யார்? வாய் திறந்து உள்ளே காலியாக இருந்தால் அது வெறும் பித்தளை. வேறு ஏதாவது தோட்டா மூடியபடி கிடைத்தால் மட்டும் கையில் எடுக்காமல் காவல்துறையிடம் சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம், அதைவிட ஆபத்து.

அம்மா ஆக்ராவை நினைவு வைத்திருக்கிறார் என்றால் டிசம்பர் 3ஆம் தேதியும் நினைவிருக்கும். அன்று சாயங்காலம் எங்கள் ஓடுதளத்தில் குண்டு விழுந்தது. அந்தப் போரின்போது தாஜ்மகாலைத் துணி போர்த்தி மறைத்திருந்தார்கள், நிலா வெளிச்சத்தில் அடையாளம் தெரியாமலிருக்க. வந்தது பாகிஸ்தானின் பி-57 குண்டுவீச்சு விமானம். அது அமெரிக்காவில் மார்ட்டின் நிறுவனம் உரிமம் வாங்கிச் செய்த கான்பரா. நம் தலையில் குண்டு போட வந்ததும், அதே இரவு நாங்கள் தோட்டா அடித்து மேற்கே அனுப்பியதும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அன்று யாரும் இதைச் சொல்லிச் சிரிக்கவில்லை, பிறகு சிரித்தோம்.

இப்போது உங்கள் நான்கு வரி. வைத்தியர் ஐயா டார்ச் அடிக்கச் சொல்கிறார், அடியுங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நல்ல வரிகளில் அப்பாவின் பெயருக்கு அடுத்த கட்டத்தில் இன்னொரு பெயர் இருக்கும். அது நாவிகேட்டர், வழி கணித்துச் சொல்பவர். எங்கள் கான்பராவில் இரண்டே பேர். மேலே கண்ணாடிக் குமிழுக்குள் விமானி, கீழே மூக்குப் பகுதியில் நாவிகேட்டர். இருவரும் தனித்தனியாக லாக் புத்தகம் எழுத வேண்டும். ஒரே பயணம் இரண்டு புத்தகத்தில் ஏறும். அந்த வீட்டுக்கு வெள்ளம் போயிருக்காது அல்லவா?

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. குண்டுவீச்சுக்கு நாங்கள் வைத்திருந்த பி.ஐ.58 ரகத்தில் விமானிக்கு மட்டும்தான் வெளியேற்று இருக்கை, ஆபத்தில் ஆளோடு சேர்ந்து வெளியே பாயும் இருக்கை. நாவிகேட்டருக்குக் கிடையாது. ஆபத்து என்றால் அவர் பாராசூட்டை மார்பில் மாட்டிக்கொண்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்து, தானாகக் குதிக்க வேண்டும். தாழ்வாகப் பறக்கும்போது அதற்கெல்லாம் நேரம் ஏது? மேலே இருப்பவருக்கு இது தெரியும். கீழே இருப்பவருக்கும் தெரியும். ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுத்தான் இருவரும் ஏறுவார்கள்.

முடிச்சூர் மகள்

பிட்டர் அண்ணா, உங்கள் கடைசிப் பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. கழுவும் இடத்து அலமாரிக்குக் கடிகாரத்தை மாற்றிவிட்டேன். பேனாக் குடுவை காலிதான், வாய் திறந்துதான் இருக்கிறது. நாற்பது வருடப் பீற்றல் போயிற்று.

கோட்டு இப்போது குளிர்பெட்டியில், தோசை மாவுக்கு மேல்தட்டில். "உங்கள் அப்பாவுக்குக் குளிரே ஆகாது" என்று அம்மா ஒருமுறை சொன்னார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அந்துருண்டைக்கு மட்டும் மூன்று நாள் வாக்குவாதம் நடந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தோம். மூன்றாம் வரியில் நேரக் கட்டத்தில் "3" என்ற பள்ளம் தெரிகிறது. வேறொன்றும் இல்லை.

நாவிகேட்டர் பெயர் எல்லா வரியிலும் ஒன்றேதான். பார்த்ததும் சிரித்துவிட்டேன். பாலக்காட்டு மாமா! ஒவ்வொரு ஓணத்துக்கும் நேந்திரங்காய் வறுவல் டின் அனுப்பியவர். அவர் போய்ப் பன்னிரண்டு வருடம். மாமி இருக்கிறார்.

ஆவணப் பெட்டகம்

ஒரு தனியார் காப்பகத்தில் பட்டியலிடும் வேலை செய்கிறேன். மற்றவர்கள் தொடாத இரண்டு விஷயங்கள்.

பென்சில் கோடு போட்ட அந்த வரைபடத்தை முகநூலில் போட்டுவிடாதீர்கள். மூலையில் ஏதேனும் இரகசிய முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1971 பழைய கதையாகத் தோன்றலாம், ஆனால் முத்திரை நீக்கும் வரை முத்திரை முத்திரைதான். பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் போர் வரலாற்று ஆவணங்களுக்கான கொள்கை ஒன்றை அறிவித்தது. பொதுவாக 25 ஆண்டுகளில் ஆவணங்களின் இரகசியம் நீக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. அது அலுவலகக் கோப்புகளுக்கானது. வீட்டுப் பெட்டியில் இருப்பது தானாக விடுதலையாகிவிடாது. முத்திரை இருந்தால் அருகிலுள்ள விமானப்படை நிலையத்தில் எழுதிக் கேட்பது நல்லது. உங்களுக்குத் தாம்பரமே பக்கம். லாக் புத்தகமும் கடிதங்களும் வேறு, அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தம்பி சொல்வதுபோல் கொடுப்பதென்றால், தில்லி பாலத்தில் விமானப்படையின் அருங்காட்சியகம் இருக்கிறது, சண்டிகரில் 2023இல் திறந்த பாரம்பரிய மையம் இருக்கிறது. ஆனால் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டுப் பிறகு பேசாதீர்கள். முதலில் பட்டியலையும் படங்களையும் அனுப்பி, எதை வாங்கிக்கொள்வார்கள், காட்சிக்கா கிடங்குக்கா, குடும்பம் கேட்டால் பார்க்க விடுவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். எல்லா அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வருவதைவிடக் கிடங்கில் இருப்பதுதான் அதிகம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, முன்கூட்டியே தெரிந்திருந்தால் மனம் வருந்தாது.

அதற்கெல்லாம் முன்னால், அம்மாவைப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பொருளையும் கையில் கொடுத்துக் கேளுங்கள். எங்கள் காப்பகத்தில் அழகாகப் பராமரித்த புகைப்படங்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. அதில் யார் யார் என்று சொல்ல ஆளில்லை. படத்தின் பின்னால் பெயர் எழுதுவதானால் மென்மையான பென்சில், ஓரத்தில், அழுத்தாமல்.

சென்னையில் தாள் வேலைக்குக் கை தேவைப்பட்டால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரியுங்கள். உலோகத்துக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது. 1930இலிருந்து இருக்கிறது. இரண்டு இடமும் தனியார் பொருட்களை எடுத்துக்கொள்வார்களா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆலோசனை கேட்பதில் தவறில்லை.

முடிச்சூர் மகள்

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

நெகட்டிவ்கள் முடிந்தன. இரண்டு சுருள் பிழைத்தது, மூன்றாவது பாளம் பாளமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிழைத்ததில் பாதி என் பிறந்தநாள். மீதியில் அப்பாவும் மாமாவும் ஒரு விமானச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு பீடியோ சிகரெட்டோ பிடிக்கிறார்கள். அப்பா புகைத்ததை நான் பார்த்ததே இல்லை. அம்மா பார்த்திருக்கிறார் போலும், ஆச்சரியப்படவில்லை.

பாலக்காட்டு மாமியைத் தொலைபேசியில் அழைத்தேன். மாமாவின் லாக் புத்தகம் பூஜை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறதாம். "விஷுவுக்குக் கணி வைக்கும்போது அதையும் வைப்போம்" என்றார். வைத்தியர் ஐயா என்னைத் திட்டக்கூடாது, எண்ணெய் விளக்குப் பக்கத்தில்தான். அவருடைய பேத்தி 1971 டிசம்பர் பக்கத்தைப் படமெடுத்து அன்று இரவே அனுப்பினாள்.

நான்கு வரியும் இருந்தன. முதல் இரண்டும் மேலே உள்ளவை போலத்தான். விமான எண், அப்பா பெயர், "ஆப்ஸ்" (போர்ப் பறப்பு), சிவப்பில் இரவு நேரம். மூன்றாவதும் இரவு, 3 மணி 5 நிமிடம். எங்கள் புத்தகத்தில் தெரிந்த "3" அதுதான். குறிப்புக் கட்டத்தில் மாமா பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்: வலது என்ஜின் நிறுத்தம், ஒற்றை என்ஜினில் திரும்பினோம். நான்காவது இரண்டு நாள் கழித்து, பகல், "ஏர் டெஸ்ட்", 40 நிமிடம்.

மாமியிடம் மறுபடி பேசினேன். அவருக்கும் மாமா பெரிதாகச் சொன்னதில்லை. ஒன்று மட்டும் சொன்னாராம். வரும் வழியில் குதிக்கத் தயாராகு என்று மேலேயிருந்து குரல் வரும் என்று காத்துக்கொண்டே இருந்தாராம். வரவில்லையாம். "ஊருக்குப் போனால் உங்கள் வீட்டுக் காப்பி வேண்டும்" என்று மட்டும் கேட்டதாம்.

அம்மாவுக்கு அன்று இரவு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன், பிட்டர் அண்ணா, உங்கள் கடைசிப் பத்தியையும் சேர்த்து. இரண்டு முறை படிக்கச் சொன்னார். "அவருக்குக் கீழே இருக்கை இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆள் காப்பிக்கு மூன்று கரண்டி சர்க்கரை கேட்பான்" என்றார்.

இரண்டு சந்தேகங்கள். நான்காவது வரியில் ஏர் டெஸ்ட் என்றால் என்ன? அந்த நான்கு வரிகளை அப்பாவின் புத்தகத்தில் தேமலுக்கு மேல் பென்சிலில் எழுதலாமா?

ஆக்ரா பிட்டர்

தங்கச்சி, என்ஜினை மாற்றிவிட்டால் அதை மேலே கொண்டுபோய்ச் சோதித்துப் பார்ப்பதுதான் ஏர் டெஸ்ட். இரண்டு நாள் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. நாங்கள் மாற்றியிருப்போம். அந்த டிசம்பரில் எத்தனை மாற்றினோம் என்று எனக்குக் கணக்கில்லை, இது எது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பாருங்கள், அதே இருவரே சோதிக்கவும் போயிருக்கிறார்கள்.

ஏட்டு வைத்தியர்

புத்தகத்தில் எழுதாதீர்கள். அது அவர் கையெழுத்து இருந்த இடம். அமிலமில்லாத தனித்தாளில் மைக்குப் பதில் பென்சிலால் எழுதுங்கள்: எந்தப் பக்கம், எந்த வரிகள், யாருடைய புத்தகத்திலிருந்து, என்றைக்குப் படியெடுத்தது. அந்தப் பக்கத்தில் ஒட்டாமல் செருகி வையுங்கள். பேத்தியிடம் சொல்லி அந்தப் பக்கத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து வாங்குங்கள், கைபேசிப் படம் போதாது. உங்கள் ஸ்கேனையும் அவளுக்கு அனுப்புங்கள். விளக்கை மட்டும் ஓரடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.